எடைமேடையில் வெர்ல்

வெர்ல் ஹாட்லாக் என் தங்கை நெட்ராவின் புருஷன். எங்கள் ஊர்த் தானிய ஆலையின் எடைமேடையிலேயே தலை நரைத்தவன். அளவுக்கு மேல் ஏற்றி வந்த லாரிக்காரனை ஒலிபெருக்கியில், ஊரே கேட்க, "அறிவு இருக்காய்யா உனக்கு? இறக்கிட்டு வா!" என்பான். சொந்தக்காரன் என்றும் பார்த்ததில்லை. அதில் எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

ஓய்வு பெற்றதும் ஒரு பிக்கப்பும், அதன் பின்னால் கட்டி இழுக்க, படுக்கையும் அடுப்பும் வைத்த டிரெய்லர் வீடு ஒன்றும் வாங்கினான்.

"ஒம்பதாயிரம் பவுண்டு இழுக்கும் மதினி. இந்த வீடு ஆறாயிரம்தான்."

ஆகஸ்டில் ஏரிக்கரையில் எங்கள் குடும்பம் கூடும். எல்லாருக்கும் உருளைக்கிழங்கு சமைப்பது எங்கள் முறை. பிக்கப்பின் தொட்டியில் விறகு, ஜெனரேட்டர், ஐஸ்பெட்டிகள், கனத்த இரும்புச் சட்டிகள். உள்ளே நாங்கள் மூவர், ஒரு நாய். மூவரில் ஒருவரும் ஒல்லி கிடையாது.

விடிவதற்குள் கிளம்பினோம். எதிரே வந்த வண்டிகளெல்லாம் விளக்கைச் சிமிட்டின. வெர்ல் ஒவ்வொன்றுக்கும் கை காட்டினான். "புது வண்டின்னா எல்லாருக்கும் ஒரு கண்ணுதான்."

"நாசமாப் போச்சு," என்றாள் நெட்ரா. "வண்டி பின்னாடி உக்காந்து மூக்கத் தூக்கிட்டு நிக்குது. நம்ம வெளிச்சம் அவங்க கண்ணக் குத்துதுங்க!"

முதல் இறக்கத்திலேயே டிரெய்லர் வாலாட்டியது. ஸ்டியரிங் பிடிமானம் இல்லாமல் மிதந்தது. நெட்ரா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மலைக் கணவாய் இன்னும் வரவே இல்ல. அங்க சாக நான் வரல. ஆலைக்குத் திருப்புங்க, எடை போடலாம்."

"ஆலைக்கா? வேற எங்கயாச்சும்..."

"வேற எங்க இருக்கு? திருப்புப்பா," என்றேன் நான்.

பார்லி அறுவடைக் காலம். ஆலை வாசலில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. அவனிடம் ஏச்சு வாங்காத ஓட்டுநர் அந்த வரிசையில் ஒருவரும் இல்லை. அவன் இடத்துக்கு வந்த டிரெஸ்ஸா என்ற பெண், டிரெய்லர் சக்கரங்களை வெளியே விட்டு, பிக்கப்பை மட்டும் மேடையில் ஏற்றிப் பார்த்தாள். ஒலிபெருக்கியைத் தொடவில்லை. இறங்கி வந்து, ஓட்டுநர் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த சுமை அளவுச் சீட்டைப் படித்தாள்.

"ஆளும் சாமானும் சேத்து ஆயிரத்து முன்னூறு பவுண்டுதான் தாங்கும் மாமா. டிரெய்லரோட மூக்கு அழுத்துறதே அதுல பாதி. எழுநூறுக்கு மேல கூடுதலா இருக்கு. இழுக்கறது வேற, சுமக்கறது வேற இல்லையா?"

"தெரியும்மா," என்றான். காலமெல்லாம் பிறர் வண்டியில் பார்த்ததைத் தன் கதவில் பார்க்கவில்லை. முகம் காது வரை சிவந்துவிட்டது.

யாராவது சிரித்திருந்தால் தேவலை. ஓட்டுநர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து, விறகையும் ஜெனரேட்டரையும் ஒரு ஐஸ்பெட்டியையும் இறக்கினார்கள். என்னாலேயே அந்த முகங்களைப் பார்க்க முடியவில்லை.

"இன்னும் இருநூத்தி எம்பது கூடுதல்," என்றாள் டிரெஸ்ஸா.

"சட்டி இறங்காது, சமைக்கணும்," என்றேன். "நானும் இறங்க மாட்டேன்."

வெர்ல் தொப்பியைச் சரிசெய்தான். "என் எடை இருநூத்தி அம்பது. நாய் அறுபது," என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னான். நாயைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சாவியை நெட்ராவிடம் நீட்டினான். "கணவாய்ல சின்ன கியர்லயே இறங்கு. பிரேக்க மிதிச்சுக்கிட்டே போவாத."

"நீங்க சாப்பாட்டுக்கு?"

"போ நெட்ரா."

வண்டி நிமிர்ந்து ஓடியது. கண்ணாடியில் பார்த்தேன்: லாரிகளுக்கு முதுகைக் காட்டியபடி, விறகை ஆலைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தான்.