நண்பருக்கு வேண்டிய அளவுக் கோப்பு

ஓசூரில் கல்யாணப் பத்திரிகை அடிப்பது என் தொழில். பதறுவது உபதொழில். அதில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

போன மாதம் புதுக் கம்ப்யூட்டருக்கு மாறும்போது, ஒவ்வொரு எழுத்துருவோடும் ஒட்டிக்கிடந்த குட்டிக் கோப்புகளைக் குப்பையென்று அழித்துவிட்டேன். எந்த எழுத்துக்கு எவ்வளவு அகலம் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறதாம். ஊரில் மற்றவர்களுக்கு அது வேண்டியதே இல்லை. பழைய தமிழ் எழுத்துருக்களைக் கட்டிக்கொண்டு அழும் எங்களைப் போன்ற அச்சகக்காரர்களுக்கு மட்டும், அது இல்லாவிட்டால் எழுத்துரு ஏறவே ஏறாது. நான் சும்மா இருப்பேனா? வேறோர் எழுத்துருவின் கோப்பை இணையத்தில் இறக்கி, பெயரை மாற்றி வைத்தேன். ஏறிக்கொண்டது. அடுத்தவன் அளவில் தைத்த சட்டை என்பது அச்சில்தான் தெரிந்தது.

அச்சில் வந்தது பாகலூர் புளி வியாபாரி பாயின் மகள் கல்யாணப் பத்திரிகை. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன.

“என்ன சார், எம்பொண்ணு பேரு கூட்டத்துல மாட்டிக்கிச்சா?”

“பிரிண்டர் சூடாயிடுச்சு பாய்.”

“இப்பத்தானே சுவிட்சே போட்டீங்க! அஞ்செட்டிக்கு மதியம் ஒரு பஸ்ஸு. அத உட்டா சம்பந்தி ஊட்டுக்கு வெறுங்கையோடதான் போவணும்.”

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். பிரிண்டருக்குள் வாயால் ஊதினேன். வேறு வழியில்லை என்றானதும், “டீ சொல்லிட்டு வரேன்” என்று எதிர் அச்சகத்துக்கு ஓடினேன். அங்கே இன்னும் பழைய கம்ப்யூட்டர்தான். ‘மியூசியம்’ என்று வருகிறவர்களிடமெல்லாம் கிண்டலடித்தவன் நான்.

“நம்ம நண்பர் ஒருத்தருக்கு இந்த எழுத்துருவோட அளவுக் கோப்பு வேணுமாம்” என்றேன்.

அந்த அச்சகத்தை நடத்தும் கன்னடக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “எந்த ஊரு நண்பரு, குரு?”

“கிருஷ்ணகிரி.”

“குப்பைன்னு அழிச்சிட்டாரா?”

“ஆமா. கொஞ்சம் வெவரம் பத்தாத ஆளு.”

பின்னாலிருந்து பாயின் குரல். கையில் அந்தக் கோணல் அச்சு. “சார், டீக்கடை இங்கியா இருக்கு? இல்ல, நான் இவருகிட்டயே அடிச்சுக்கட்டுமா?”

எதிர்க் கடைக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார், என்னையும் பார்த்தார். சிரித்திருந்தால் நானும் சிரித்துத் தப்பித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. கோப்பைப் பென்டிரைவில் போட்டு என் கையில் வைத்தார்.

“உங்ககிட்டக் குடுத்த வேலை, நீங்களே முடிச்சுக் குடுங்க. பாய்க்குப் பஸ்ஸு போயிடும்.”

இந்த முறை பெண்ணின் பெயர் காற்றோட்டமாக வந்தது. பாய் பத்திரிகைக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார்.

பென்டிரைவைத் திருப்பிக் கொடுக்க வாசலுக்கு வந்தேன். எதிர்க் கடைக்காரர் கல்லாவில்தான் இருந்தார். சாலையில் வண்டியே இல்லை. ஏதாவது லாரி வரட்டும், போனதும் கடக்கலாம் என்று நின்றுகொண்டிருந்தேன்.