பூக்காரம்மாவைப் பேட்டி எடுத்த முப்பது பேர்

ப்ளஸ் டூ முறை வந்த புதிது. எனக்குக் கணக்கு வராது என்பது திருச்சிக்கே தெரிந்திருந்ததால், பத்திரிகை, வானொலி பற்றிச் சொல்லித்தரும் தொழிற்பிரிவில் தள்ளிவிட்டார்கள். இதிலும் தேறாவிட்டால் துவாக்குடி வெல்டிங் பட்டறைதான் என்று அப்பா சொல்லியிருந்தார்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்தார். ஒட்டிய கன்னம், காதில் சிவப்புப் பென்சில். என் ரெக்கார்டு நோட்டைப் புரட்டியபடி பக்கத்துக்கு ஒருமுறை அதை எடுப்பார். எதையும் திருத்தாமல் திரும்பச் செருகிக்கொள்வார். ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய்த் திரும்பியது.

நோட்டில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பூக்காரம்மாவின் பேட்டி இருந்தது. சீனியர் ஒருவரின் நோட்டைப் பார்த்து வகுப்பே காப்பியடித்திருந்தது.

"ஏன் தம்பி, முப்பது பேர்கிட்டயும் அந்தம்மா ஒரே எடத்துல இருமியிருக்காங்களே?"

"அவங்களுக்கு நாள்பட்ட இருமல் சார்."

"அவங்க செத்து ஒரு வருஷமாச்சே. நீங்க எப்பப் பாத்தீங்க?"

"பாக்கவே இல்ல சார். ஃபெயில் மட்டும் பண்ணிடாதீங்க," என்று அழுதேவிட்டேன்.

"சரி, போங்க," என்றார்.

மனசு கேட்காமல், துக்கம் விசாரிக்க மாலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். பூக்காரம்மா நிமிர்ந்து பார்த்து, "எத்தன மொழம் தம்பி?" என்றார்.

நான் தேறிவிட்டேன். என்னிடமிருந்து உண்மையை வாங்க அந்தத் தேர்வாளர் பொய் சொன்னாரா, இல்லை, அவரும் என்னைப்போலப் போய்ப் பார்க்காமலே சொன்னாரா என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.