செம்பன் நொண்டிய ஒன்றரை மாதம்

எங்கள் வீட்டு நாய் செம்பன் ஒன்றரை மாதம் மூன்று காலால் நடந்தது. வலது பின்னங்காலைத் தரையில் ஊன்றாது. யுத்தம் தொடங்கிய வருஷம், ஐப்பசி மாதம். அப்போது பெருமாள் எனக்குச் செய்த உதவியை, சனிக்கிழமை பஜனைக்கு வரும் உங்களிடம் உள்ளபடி சொல்கிறேன்.

செம்பன் கோம்பை நாய். குட்டியிலிருந்து என் வீட்டுக்காரர் வளர்த்தது. அவருக்குக் கம்பத்துக்கு மேலே மலையில், ஏலத்தோட்டத்தில் காவல் வேலை. காட்டுப்பாதையில் யானை நின்றாலும் பன்றி நின்றாலும் செம்பன்தான் முதலில் மோப்பம் பிடித்துக் குரைக்கும். அது நொண்டியதும் அவர் தனியாகவே மலை ஏறினார். திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

காலில் முள் ஏறியிருக்கும் என்று அவரிடம் சொன்னது நான். அவர் பாதத்தைக் கழுவிக் கழுவிப் பார்த்தார். முள் இல்லை. பழைய கீறல் ஒன்று இருந்தது. அதில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவித் துணி சுற்றினார். நாய் கடித்து அவிழ்க்கும். அவர் மறுபடி கட்டுவார். நொண்டல் நிற்கவில்லை.

முள் ஏறவில்லை என்பது எனக்குத் தெரியும். செம்பன் தயிர்ப்பானையைக் கவிழ்த்ததற்காக நான்தான் உலக்கையை எடுத்து அதன்மேல் வீசினேன். இடுப்பில் விழுந்தது. என் வீட்டுக்காரர் கைநீட்டுகிறவர் அல்ல. ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை. தினமும் விளக்கேற்றி, இதன் காலைச் சரியாக்கு என்று பெருமாளிடம் கேட்டேன். பெருமாளிடமும் அடித்ததைச் சொல்லவில்லை.

கார்த்திகை பிறந்ததும் வீட்டுக்காரர் மாட்டு வைத்தியர் ஒருவரை அழைத்து வந்தார். பாதத்தில் சூடு போட்டால் சரியாகும் என்றார் வைத்தியர். அடுப்பில் கம்பி காய்ந்தது. வீட்டுக்காரர் நாயின் வாயைத் துணியால் கட்டி மடியில் அமுக்கிப் பிடித்தார். அது திமிறவில்லை. நான் கண்ணை மூடினேன். பெருமாளே, நான்தான் அடித்தேன், அதைச் சொல்ல எனக்கு வாயைக் கொடு என்று கேட்டேன். அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

கண்ணைத் திறந்தபோது நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"பாதத்துல ஒண்ணுமில்ல. இடுப்புல பாருங்க. அவுகளுக்குத் தெரியாது. நாந்தேன் உலக்கைய விட்டெறிஞ்சேன்."

வைத்தியர் கம்பியைத் தண்ணீரில் போட்டார். இடுப்பைத் தடவினார். ஓரிடத்தில் நாய் துடித்தது.

"நல்லவேள சொன்ன ஆத்தா. எலும்பு முறியல. உள்ள ரத்தம் கட்டிக் கெடக்கு."

தவிட்டு ஒத்தடம், எண்ணெய், ஓடவிடாமல் கட்டிப்போடுவது. அவ்வளவுதான் வைத்தியம்.

வீட்டுக்காரர் மூன்று நாள் என்னுடன் பேசவில்லை. தவிட்டை வறுத்துக் கொடுப்பேன், வாங்கிக்கொள்வார். நான்காம் நாள், "நீயே வையி. ஒன்னையக் கண்டு அது பயப்படக் கூடாது" என்றார். வைத்தேன். முதலில் உறுமியது. பிறகு தலையைத் தரையில் போட்டுக்கொண்டது.

தை மாதம் செம்பன் நாலு காலையும் ஊன்றி அவருக்கு முன்னால் மலை ஏறியது. வேகமாக ஓடினால் இன்றும் லேசாக இழுக்கும். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போதெல்லாம் பெருமாளிடம் எதையும் கேட்பதற்கு முன், செய்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்காவது சொல்ல முடியாமல் ஒன்று உள்ளே கிடக்கலாம். முதலில் அவரிடம் சொல்லுங்கள். மனிதரிடம் சொல்லும் தைரியத்தை அவர் கொடுப்பார். எனக்குக் கொடுத்தார்.