தண்ணீருக்கு மட்டும் சரியான கணக்கு

போன வாரம் ஒரு நல்ல மனிதரை அழ வைத்துவிட்டேன். நிஜமாகவே… கண்ணில் தண்ணீர்!

என் மனைவி செல்வி, கிணத்துக்கடவில் அரிசிம்பருப்பு சாத மிக்ஸ் செய்து விற்கிறாள். அரிசி, துவரம்பருப்பு, மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் கலந்த பாக்கெட். தண்ணீர் ஊற்றி குக்கரில் வைத்தால் போதும். அக்கம்பக்கத்தில் மட்டும் போய்க்கொண்டிருந்த சரக்கை, கோவை சூப்பர் மார்க்கெட்காரர் ஒருவர் கேட்டு வந்தார். ஒரே கண்டிஷன் – டம்ளர் கணக்கு ஆகாது, கிராமில் எழுதித் தர வேண்டும். அதன்படி அவர்கள் யூனிட்டில் கலந்து, சாம்பிள் பார்ப்பார்கள். ஆறு வருடமாக செல்வி காத்திருந்த ஆர்டர் இது.

பம்ப் கம்பெனியில் முப்பது வருடம் தண்ணீரோடேயே மல்லுக்கட்டிய இன்ஜினியர் வீட்டில் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பாள்? அவளுடைய டம்ளரில் தண்ணீர் பிடித்து எடை போட்டேன். இருநூறு கிராம். ஆக, எதுவானாலும் டம்ளருக்கு இருநூறு கிராம்! ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது.

சாம்பிள் நாள். சூப்பர் மார்க்கெட்காரர் ஒரு வாய் சாப்பிட்டார். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நல்லாத்தானுங்க இருக்குது… கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். எங்கள் ஊர் மரியாதையில், ஆர்டர் கிடையாது என்று இதற்கு அர்த்தம்.

செல்வி ஒரு வாய் ருசி பார்த்தாள். பிறகு என் பேப்பரை வாங்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, மொளகாத்தூளுக்கும் உப்புக்கும் ஒரே எடையா எழுதிப்போட்டீங்க? தூளு லேசுங்க, உப்பு கனமுங்க. இந்தக் கணக்கு தண்ணிக்கு மட்டுந்தான் சரியா வருமுங்க."

யூனிட் ஆட்கள் அத்தனை பேர் முன்னால்! எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. "ஒரு வாரம் டைம் குடுங்க தம்பி" என்று அவரிடம் கேட்டு வாங்கிவிட்டாள்.

அந்த ஒரு வாரம் எங்கள் டைனிங் டேபிளில் சாப்பிட இடமில்லை. ஒவ்வொரு பொருளையும் மூன்று தடவை அளந்தாள், மூன்று தடவை எடை போட்டாள். மிளகாய்த்தூள் டம்ளருக்கு நூறு கிராமைக்கூடத் தொடவில்லை. உப்போ, இருநூற்று நாற்பதைத் தாண்டியது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்.

பருப்பு டம்ளரை நான் தலை தட்டப் போக, சட்டென்று கையைப் பிடித்தாள். "பருப்பைத் தலை தட்டி அளக்கற ஊடுங்களா இது? கோபுரமா வைங்க."

அரிசி என்றால் தலை தட்டி, பருப்பு என்றால் குவித்து… இதை எந்த ரெசிபியில் எழுதியிருக்கிறார்கள்? எங்கள் பக்கம் பருப்பைக் குறைத்துப் போட்டால், சாப்பிட வந்தவரையே குறைத்துப் பார்த்த மாதிரி. அந்தக் கோபுரத்துக்கும் கிராம் கணக்கு எழுத வைத்தாள்.

நேற்று இரண்டாவது சாம்பிள். சூப்பர் மார்க்கெட்காரர் ஒரு தட்டை முடித்துவிட்டு, தானாகவே கரண்டியை எடுத்து இன்னொரு தடவை போட்டுக்கொண்டார்.

"அக்கா, ஆர்டர் உங்களுக்குத்தானுங்க. இன்னொரு உதவி… எங்களுக்குப் பொடி குடுக்கற எல்லாருமே டம்ளர்லதான் கணக்குச் சொல்றாங்க. நீங்க ஒருக்கா வந்து கிராமுல எழுதிக் குடுப்பீங்களா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் – முப்பது வருட சர்வீசில் நான் வாங்காத பெயரை, செல்வி ஒரே வாரத்தில் வாங்கிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"வாரனுங்க" என்று சொல்லிவிட்டாள். தராசு தூக்க கூடவே ஒரு ஆள் வருவார்… ரிட்டயர்டு இன்ஜினியர், சம்பளம் வேண்டாமாம்!