சுழி பார்த்து வாங்கிய டார்ச்

காளியப்பன் முதல் தடவை என் கடைக்கு வந்தபோது, டார்ச்சைக் கையில் வாங்கியதும் எரியவிட்டுப் பார்க்கவில்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். முதுகைத் தடவினார். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி. ஜலகண்டாபுரம் பக்கத்து ஆள், முப்பது வருடம் மாட்டுத் தரகு பார்த்தவர் என்று பிறகுதான் தெரிந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் நான் டார்ச்சும் எமர்ஜென்சி விளக்கும் விற்கிறேன். பட்டப்பகலில் வருகிறவர்களுக்கு இருட்டைக் காட்ட எங்கே போவது? கடைக்குப் பின்னால் பக்கத்து மளிகைக்காரரின் வெல்லக் குடோன் இருக்கிறது. அங்கே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, சுண்ணாம்புச் சுவரில் அடித்துக் காட்டுவேன். மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். காளியப்பன் முக்கால் மணி நேரம் இருந்தார்.

"ஏனுங்க அர்த்தநாரி, நடுவுல கருப்பா ஒரு சுழி இருக்குது பாருங்க. இது ஆகாதுங்க."

"சுழி இல்லைங்க. உள்ள இருக்கற லென்ஸ் அப்படிங்க."

"மாட்டுக்காரனும் இப்புடித்தானுங்க ஒரு காரணம் சொல்லுவான்."

மாட்டின் உடம்பில் ரோமம் எங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய. ஆனால் டார்ச் வெளிச்சத்துக்குச் சுழி பார்த்த ஒரே மனிதர் இவர்தான். வளையத்துக்குள் வளையம் விழுந்த டார்ச், ரெட்டைச் சுழியாம். ஓரம் நெளிந்து விழுந்தது, குடும்பத்துக்கு ஆகாதாம். ஒன்று மட்டும் வளையமோ கோடோ இல்லாமல், சுவர் முழுக்க ஒரே சீராகப் பரவியது. "சுழியே இல்லாத மாடு எங்கீங்க இருக்குது? இதுல என்னமோ ஏமாத்து இருக்குது" என்று அதைத் தொடவே மறுத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் டார்ச் எதற்கு என்று கேட்டதும் அடங்கிவிட்டது. அவர் மனைவி சாலம்மாள் விடியற்காலையில் வாய்க்காலைத் தாண்டிக் கட்டுத்தரைக்குப் போய் மூன்று மாடுகளைக் கறக்கிறவர். வாய்க்காலின் மேல் ஒற்றைப் பலகைதான் பாலம். போன மாதம் அது சரியாகத் தெரியாமல் விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. அஸ்தம்பட்டியில் குடியிருக்கும் மகன் ஜெயபிரகாஷ் ஓடிவந்து பார்த்துவிட்டு, இன்னொரு தடவை விழுந்தால் மூன்று மாடுகளையும் சந்தைக்கு ஏற்றிவிடுவேன் என்று சொல்லிப் போயிருக்கிறான். சாலம்மாளுக்கு அந்த மாடுகள்தான் உயிர். அதனால்தான் நல்ல டார்ச்சாக ஒன்று வேண்டும்.

நான்காவது தடவை வந்தபோது ஒன்று அகப்பட்டது. முழ நீளம், நல்ல கனம். சுவரில் தட்டு அளவுக்கு ஒரே ஒரு வட்டம், கத்தரித்து ஒட்டியதுபோல் விழுந்தது. காளியப்பன் முகம் மலர்ந்துவிட்டது. "ராஜ சுழிங்க இது! நெத்தியில இருக்கோணும், நெத்தியிலயே இருக்குது!" இது ரொம்ப தூரம் அடிக்கிற டார்ச், காட்டுக் காவலுக்குத்தான் சரிப்படும் என்று சொன்னேன். காதில் வாங்குகிற ஆளா அவர்?

அடுத்த வாரம் இருவருமாக வந்தார்கள். சாலம்மாள்தான் முதலில் பேசினார்.

"ஏனுங்கண்ணா, இந்த லைட்ட அடிச்சா அடுத்த ஊருத் தண்ணி டேங்க்ல எழுதியிருக்கறதப் படிக்கலாமுங்க. என்ற காலு தெரிய மாட்டீங்குது."

வட்டத்தைப் பலகையில் வைத்தால் அக்கரை இருட்டு. அக்கரையில் வைத்தால் பலகை இருட்டு. சரி, நீ நட, நான் அடிக்கிறேன் என்று காளியப்பன் வாசலில் நின்று பின்னாலிருந்து அடித்திருக்கிறார். சாலம்மாளின் நிழலே நீளமாகப் பலகை மேல் விழுந்து அதை மறைத்துவிட்டது. மயிரிழையில் தப்பியிருக்கிறார்.

"அணைங்க அணைங்கன்னு நான் கத்தறேன். நல்லாத் தெரியுதான்னு இவரு கேக்கறாருங்க."

காளியப்பன் என் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

மூன்று பேரும் குடோனுக்குள் போனோம். சாலம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு டார்ச்சாக வாங்கித் தரையைப் பார்த்து அடித்தபடி, வெல்ல மூட்டைகளுக்கு நடுவே நாலு எட்டு நடந்தார். சுழி இல்லை என்று கழிக்கப்பட்ட டார்ச் கைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இது போதுமுங்க. முன்னால வழி தெரியுது, ரெண்டு பக்கமும் தெரியுது, காலும் தெரியுது பாருங்க."

பார்த்தோம். அந்தச் சீரான வெளிச்சத்தில் இடது கணுக்கால் வலது காலைவிட இரண்டு பங்காக வீங்கிக் கிடந்தது. எப்போதோ ஆறிவிட்டது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாராம்.

"இதென்ன புள்ள?" காளியப்பன் குரல் மாறிவிட்டது.

"மெதுவாப் பேசுங்க. பையன் காதுல உளுந்தா மாட்ட ஏத்திருவான்."

காளியப்பன் தரையில் குந்தி அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"சந்தையில நூறு மாடு நிக்கட்டுங்க, எது நொண்டுதுன்னு தூரத்துலயே சொல்லிப்போடுவேன். ஊட்டுக்குள்ள ஒரு மாசமா இவ நொண்டுனது என்ற கண்ணுக்குத் தெரியலீங்க."

சாலம்மாள் சேலையை இழுத்துக் கணுக்காலை மறைத்தார்.

"மொதல்ல டாக்டருகிட்டப் போலாம். கால் ஆறுற வரைக்கும் நான் கறக்கறேன்" என்று காளியப்பன் எழுந்தார்.

"நீங்களா? இத்தன வருசத்துல கறக்கறதுக்குன்னு மடியில ஒருநா கை வெச்சிருப்பீங்களா?"

"நீ முக்காலியில உக்காந்து சொல்லு. நான் கறக்கறேன். ஒதச்சா ஒத வாங்கிக்கறேன்."

இருட்டுக்குள் சாலம்மாள் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

அந்த டார்ச்சையே கொடுத்து அனுப்பினேன். சாலம்மாள் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். சந்தில் ஆட்டோக்களும் மூட்டை தூக்குகிறவர்களும் வழிவிட்டார்கள், சிலர் சிரிக்கவும் செய்தார்கள். உச்சி வெயிலில் காளியப்பன் டார்ச்சை அணைக்காமல், மனைவியின் காலுக்கு ஓரடி முன்னால் பிடித்துக்கொண்டே போனார். பேட்டரி வீணாகிறது என்று கூப்பிட்டுச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.