கசம் என்றால் கசம்தான்

சுற்றுலாத் தகவல் எழுதுவதை ஊரைப் புகழ்கிற வேலை என்று நினைக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவனைக் கொண்டுபோய் ஒரு இடத்தில் நிறுத்துகிற வேலை அது. படிவம் நிரப்பி, சொல் எண்ணி, கடைசியில் தன் எழுத்தே தனக்கு அடையாளம் தெரியாமல் நின்ற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் தடையில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் இருந்தேன். இந்தியா, இலங்கை, மலேசியா மூன்று நாட்டுச் சுற்றுலாத் தகவலையும் நான்கு மொழிகளில் ஒரே இணையதளத்தில் போடப் போகிறார்கள் என்று முதலாளி சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்து இடங்களைத் தமிழில் எழுதித் தரும் வேலை எங்களுக்கு வந்தது. நான் எழுதுவதைக் கொழும்பில் சிங்களமாக்குவார்கள். கோலாலம்பூரில் மலாயும் ஆங்கிலமும் ஆக்குவார்கள். இணையதளம் என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நாற்பது சொல்

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு படிவம். இடத்தின் பெயர், பஸ், தங்குமிடம், சாப்பாடு, ஏற்ற மாதங்கள். கடைசியில் ‘பார்க்க வேண்டியவை’ என்று ஒரு பெட்டி. அதில் நாற்பது சொல்தான் கொள்ளும். நாற்பத்தொன்றாவது சொல்லைக் கம்ப்யூட்டர் வாங்காது.

தட்டச்சுக்கு மேரி. கடற்கரைக் கிராமத்துப் பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், விரல் வேகம். நாங்குநேரிக் கோயிலைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு சொல் கூடுகிறது என்றாள். எதையாவது எடு என்றேன்.

“‘அழகிய’வை எடுத்துட்டேன் சார். கோயில் அப்படியேதான் இருக்கு.”

கேள்விக்குறி

மேரி தட்டியதை மின்னஞ்சலில் அனுப்பினோம். டெலிபோன் கம்பி வழியாகப் போகும் என்றார்கள். போனது. ஆனால் எங்கள் கம்ப்யூட்டரின் தமிழ் எழுத்து வேறு, அவர்களுடையது வேறு. இங்கே ‘அ’ என்று இருப்பது அங்கே என்னவாக இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் தமிழைக் கம்ப்யூட்டரில் அனுப்பிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோலாலம்பூரில் எங்கள் பக்கத்தைப் பார்த்தவர் பரமேஸ்வரி என்ற அம்மாள், தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். போனில் கூப்பிட்டார். இனிமேல் காகிதத்தில் அச்செடுத்து ஃபேக்ஸில் அனுப்பச் சொன்னார். காரணம் கேட்டேன்.

“உங்க ஆறு பூரா கேள்விக்குறியா வந்து சேர்ந்திருக்கு ஐயா.”

படித்துறைக் கடை

பார்க்காத இடத்தை எழுத மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். விக்கிரமசிங்கபுரம் பஸ் ஏறி, பஞ்சாலையைத் தாண்டி ஒரு படித்துறைக்குப் போனேன். பெயர் வேண்டாம். நல்ல தண்ணீர், நல்ல நிழல். படிக்கு மேலே சண்முகத்தாய் என்ற அம்மாள் முறுக்கும் டீயும் விற்றுக்கொண்டிருந்தாள். நான் நோட்டில் குறிப்பதைப் பார்த்து, என்ன எழுதுதிய என்றாள். சொன்னேன். வெளிநாட்டுக்காரனும் வருவானா என்றாள். வருவான் என்றேன். அவளுக்கு அது சந்தோஷமாக இல்லை.

பிறகு சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன் வெளியூர் ஆள் ஒருவர் படிக்குத் தெற்கே இறங்கிக் கசத்தில் மாட்டிக்கொண்டார். ஷிஃப்ட் முடிந்து வந்த சண்முகத்தாயின் புருஷன் சைக்கிளைப் போட்டுவிட்டுக் குதித்தார். வெளியூர் ஆள் கரையேறினார். புருஷன் ஏறவில்லை. மகன் கணேசனுக்கு இப்போது இருபத்தைந்து. அவனும் ஆலையில்தான் வேலை. ஓய்வான நேரமெல்லாம் கடையில் நிற்பான். சத்தம் கேட்டால் அவனும் குதிக்கிற ஆள்தான். இரண்டு தடவை குதித்தாயிற்று. நான் போகாதே என்று சொன்னால் கேட்பானா, அப்பனைப் போலத்தான் என்றாள். டீக்குக் காசு வாங்கவில்லை.

“இங்கன கசம் கெடக்குன்னு போடுங்க அண்ணாச்சி. வெளியூர்க்காரன் தெரியாம எறங்குனா எம்மவன்லா குதிப்பான்.”

எழுதினேன்

படிவத்தில் சைவச் சாப்பாட்டுக்குப் பெட்டி இருந்தது. கார் நிறுத்தப் பெட்டி இருந்தது. ஆபத்துக்குப் பெட்டி இல்லை. எனவே ‘பார்க்க வேண்டியவை’யில் மலை, மண்டபம், மருதமரம் எல்லாம் எழுதி, கடைசி மூன்று சொல்லில் ‘தெற்கே கசம் உண்டு’ என்று முடித்தேன்.

மேரி தட்டுவதை நிறுத்திக் கையை எடுத்துவிட்டாள். கசம் என்றால் என்னவென்று எழுத வேண்டாமா, எங்கள் ஊரில் கடல்தான், இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் எனக்கே அந்தச் சொல் தெரியும் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கசம் என்றால் கசம்தான், ஆற்றில் கால் வைத்தவனுக்குத் தெரியும் என்றேன். மருதமரத்தை எடுத்தால் இடம் கிடைக்கும் என்றாள். எடுக்காதே என்றேன். தட்டினாள். எண்ணினாள்.

“சரியா நாப்பது இருக்கு சார்.”

நனைந்த தாள்

அடுத்த சாரல் காலத்தில் ஒருநாள் செய்தித்தாளில் நாலு வரி: ஆற்றில் மூழ்கிய மலேசியப் பயணி மீட்பு, மீட்ட வாலிபர் காயம். படித்துறைப் பெயர் இருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கணேசன் தோளில் கட்டோடு கிடந்தான். பாறையில் மோதி எலும்பு முறிந்திருந்தது. அடுத்த கட்டிலில் மூழ்கினவர். அவர் மனைவி மடியில் நனைந்து காய்ந்த தாள் ஒன்று. வாங்கிப் பார்த்தேன். எங்கள் இணையதளத்து ஆங்கிலப் பக்கம். மலை இருந்தது, மண்டபம் இருந்தது, மருதமரம் இருந்தது. கடைசியில், தெற்கே இயற்கை நீச்சல் குளம் ஒன்று உண்டு என்று இருந்தது.

“அவர வையாதீங்க,” என்றான் கணேசன். “கொளம்னு போட்டிருந்தா யாரும் எறங்கத்தான செய்வாங்க.” நான் யாரையும் வைய வரவில்லை. வெளியே வந்தேன். சண்முகத்தாய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். எழுதச் சொன்னேனே, எழுதினீர்களா என்றாள். எழுதினேன் என்றேன். என் முகத்தையே பார்த்தாள்.

“பெறவு எப்படி அண்ணாச்சி எறங்குனாரு?”

அகராதி

அன்றைக்கே கோலாலம்பூருக்குப் போன் போட்டேன். சத்தம் போடத்தான் போட்டேன். பரமேஸ்வரி அம்மாள் முழுவதும் கேட்டார். அந்த ஆள் பிழைத்தாரா என்று முதலில் கேட்டார். அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று அடுத்துக் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். கசம் என்று அவர் கேள்விப்பட்டதில்லை. அகராதியைப் புரட்டினார். கயம் என்று இருந்தது. அதற்குக் குளம், நீர்நிலை என்று பொருள் இருந்தது. கொழும்பிலும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். ஆற்றோரம் குளம், அதுவும் பார்க்க வேண்டிய குளம் என்றால் வேறு என்ன நினைப்பது?

ஆற்றுக்குள் திடீரென்று கிணறு மாதிரி இறங்குகிற பள்ளம் அம்மா, ஆளை இழுத்துவிடும் என்றேன். அவர் அதை எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

“இதை அப்பவே சொல்லியிருந்தா நான் வேற மாதிரி எழுதியிருப்பேனே ஐயா.”

எச்சரிக்கைக்குப் பெட்டி இல்லை

எச்சரிக்கை என்று ஒரு பெட்டி சேர்க்கக் கேட்டோம். பெட்டி எல்லா நாட்டுக்கும் பொது. ஒன்று சேர்க்க மூன்று நாடும் சம்மதிக்க வேண்டும். ஒரு நாட்டு அதிகாரி ஒப்பவில்லை. ஆபத்து என்று போட்டால் யார் வருவார்கள் என்று எழுதினார். பரமேஸ்வரி அம்மாள் அங்கிருந்து எழுதினார். நான் இங்கிருந்து எழுதினேன். பெட்டி வரவில்லை. இருக்கிற பெட்டிக்குள் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று மூன்று நாட்டு அதிகாரிகளும் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் வந்தது. அது போதும் எனக்கு.

மலையை எடுத்தேன். மண்டபத்தை எடுத்தேன். மருதமரத்தையும் எடுத்தேன். பதிலுக்கு இதை எழுதினேன்: ‘படித்துறைக்கு வடக்கே மட்டும் குளிக்கவும். தெற்கே பாறையை ஒட்டி இறங்க வேண்டாம். அங்கே ஆற்றுக்குள் கிணறு போல் பள்ளம். மேலே தண்ணீர் அசையாது. அடியில் சுழித்து இழுக்கும். இங்கே இதைக் கசம் என்போம். இதில் இறந்தவர்கள் நீச்சல் தெரிந்தவர்கள். நீங்கள் இறங்கினால் உங்களைக் காப்பாற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் குதிப்பார். அவருக்கும் வீடு உண்டு, தாய் உண்டு.’

மேரி தட்டி முடித்து மேலே இருந்த தலைப்பையும் சேர்த்து வாசித்தாள்.

“இதுல பாக்க வேண்டியது ஒண்ணுமே இல்லியே சார்.”

பார்க்க வந்தவர்

மறு வருஷம் சாரலில் படித்துறைக்குப் போனேன். வேலையாக இல்லை. கணேசன் வலது தோள் சற்று இறங்கி நின்றுகொண்டிருந்தான். ஆலையில் லேசான வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்றான். அந்த நேரம் வேனில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. மலேசியாவில் ஈப்போவிலிருந்து வருகிறார்களாம். பெரியவர் கையில் தாள், கழுத்தில் கேமரா. நேரே கடைக்கு வந்து, கசம் எங்கே இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் வந்தோம் என்றார்.

கணேசன் வேட்டியை மடித்துக் கட்டினான். சண்முகத்தாய் கையை நீட்டிக் காட்டினாள். பெரியவர் படியிலேயே நின்றார். அசையாத தண்ணீரை வெகுநேரம் பார்த்தார். பேரப்பிள்ளையின் கையை விடவில்லை. ஒரு படம் எடுத்தார். எல்லோரும் வடக்கே போய்க் குளித்தார்கள். போகும்போது முறுக்கு வாங்கினார்கள். இதையெல்லாம் பார்க்கவா இவ்வளவு தூரம் வருவான் மனுஷன் என்றேன்.

“பாத்துட்டுப் போகட்டுமே அண்ணாச்சி. எம்மவன் வேட்டி நனையலல்லா.”

ஒரு சொல்லை விளக்க மாட்டேன் என்றவனை மூன்று நாட்டுக் கையெழுத்தோடு நாற்பது சொல் எழுத வைத்ததுதான், அந்த இணையதளத்தால் எங்கள் ஜில்லாவுக்குக் கிடைத்த ஒரே நன்மை.