ஓடும் வண்டியை நிறுத்தாத பூட்டு

போன ஆடி மாசம், திருப்பதியில பட்டப்பகல்ல நடந்தது இது. இப்ப நினைச்சாலும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போவுது.

நாங்க நகரியில பவர்லூம் வெச்சிருக்கோம். துணி மூட்டைங்களைத் திருப்பதி கடைகளுக்கு எடுத்துக்கினு போக ஒரு சின்ன லோடு வண்டி வாங்கினோம். வாங்கின கையோட, திருடு போகாம இருக்க ஒரு கருவி பொருத்தணும்னு பேச்சு வந்துச்சு. என் வீட்டுக்காரர் வீடியோவுல ஏதோ மலிவுக் கருவியைப் பார்த்துட்டு ஒத்தக் கால்ல நின்னாரு. போன்ல ஒரு தட்டு தட்டினா, ஓடுற வண்டி அங்கேயே படக்குனு நின்னுடுமாம். நான்தான் அரசாங்க அங்கீகாரம் இருக்கிற கருவிதான் வேணும்னு அடம்பிடிச்சேன். பெரிய புத்திசாலித்தனம்லாம் ஒண்ணுமில்ல, அப்படிப்பட்டதுக்குத்தான் இன்சூரன்ஸ்ல சலுகைன்னு சொன்னாங்க, அவ்ளோதான். "இன்சூரன்ஸ்காரன் சொன்னா வேதம், நான் சொன்னா வெட்டிப் பேச்சா?"ன்னு அவரு கொஞ்ச நாள் முறைச்சுக்கினே திரிஞ்சாரு.

அன்னிக்கு என்னைப் பெத்த நைனாவும் கூட வந்திருந்தாரு. மூட்டைங்களை இறக்கினதும், சோறு துன்னுட்டு, காலிக் கோணிங்களை விரிச்சு வண்டிப் பின்னாடி தார்ப்பாய்க்குள்ள படுத்துட்டாரு. அங்க ஒரு குட்டி ஃபேன் மாட்டி வெச்சிருக்கோம். அது ஓடணும்னா சாவி வண்டியிலேயே இருக்கணும். ஆளுதான் உள்ள இருக்காரேன்னு சாவியை விட்டுட்டு நாங்க கடைக்குள்ள போனோம். திரும்பி வந்தா வண்டி இல்ல!

"ஐயோ, என் நைனா!"ன்னு நான் போட்ட கத்தல்ல தெருவே கூடிடுச்சு. அவருக்குப் போன் வெச்சுக்கிற பழக்கமே கிடையாது. வண்டி எங்க இருக்குன்னு அந்தக் கருவி காட்டும்னு என் போனைத் திறந்தா, ரேணிகுண்டா தாண்டி வண்டி பறந்துக்கினு இருக்கு. நிறுத்துற பட்டனை அமுக்கினேன். வண்டி ஓடிக்கினு இருக்கு, நின்ன பிறகுதான் பூட்டும்னு பதில் வந்துச்சு. என் வீட்டுக்காரர் தலையில அடிச்சுக்கினாரு. "அன்னிக்கே சொன்னேன்ல! நான் சொன்னதைப் போட்டிருந்தா இந்நேரம் நின்னிருக்கும்!" பாவி, நானே எங்க நைனாவைத் தொலைச்சுட்டேன்னு புலம்பினேன். போலீசுக்குப் போன் போட்டுக்கினே ஆட்டோவுல துரத்தினோம்.

அந்த ரோட்டுல போறப்பதான் எனக்கு உறைச்சுது. லாரிங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணு, மூச்சு விட இடமில்லாம சீறிக்கினு போவுது. நடுவுல ஒரு சின்ன வண்டி திடீர்னு நின்னா? பின்னாடி தூங்குறவரு கதி? வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கும் அதே நினைப்புதான் போல, என் கையை இறுக்கிப் புடிச்சுக்கினாரு.

ஏர்பேடு பக்கம் ஒரு ரயில்வே கேட்டுல வண்டி நின்னுக்கினு இருந்துச்சு. நடந்ததை அங்க இருந்தவங்கதான் சொன்னாங்க. கேட் போட்டதும், எல்லாரையும் போலத் திருடனும் இன்ஜினை அணைச்சிருக்கான். வண்டி நின்னதும், நான் அமுக்கின பூட்டு விழுந்துடுச்சு. திருட்டு வண்டிக்கும் டீசல் சிக்கனம் பாரேன்! ரயில் போனதும் சாவியைத் திருகுறான், திருகுறான், வண்டி கிளம்புவேனான்னு நிக்குது. பின்னாடி வண்டிக்காரங்க அடிச்ச ஹாரன்ல எங்க நைனா முழிச்சுக்கினு, "இன்னா மாப்ள, ரிப்பேரா? இறங்கித் தள்ளட்டுமா?"ன்னு கேட்டிருக்காரு. காலி வண்டின்னு நினைச்சுக்கினு இருந்தவன், குரலைக் கேட்டதும் எடுத்தான் பாரு ஓட்டம்!

நாங்க போய் இறங்குறப்ப நைனா, சுத்தி நின்ன கூட்டத்துக்குத் தெலுங்குல கதை சொல்லிக்கினு இருந்தாரு. "எங்க போய்த் தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்?"னு எங்களையே திட்டினாரு. நான் நடுரோட்டுலயே அவரைக் கட்டிப் புடிச்சுக்கினு ஓன்னு அழுதேன்.

அந்தக் கருவியைச் சோதிச்சுப் பார்த்து அங்கீகாரம் கொடுத்தவங்க யாரு, எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. வண்டி போனாலும் போகட்டும், உள்ள இருக்கிற உசுரு போகக்கூடாதுன்னு எங்கேயோ உக்காந்துக்கினு யாரோ யோசிச்சிருக்காங்களே, அம்மாடி, அதை நினைச்சா மலைச்சுப் போயிடுறேன். முகம் தெரியாத அந்தப் புண்ணியவான் யோசிச்ச யோசனையாலதான் இன்னிக்கும் எங்க நைனா அடுப்பங்கரை வாசல்ல வந்து நின்னு, "இன்னாம்மா கொழம்பு?"ன்னு கேக்குறாரு.